வட்டமான புண்

கதெரெய்தா
24 நவம்பர் 1983

தங்கை ஒதிலியாவுக்கு, அக்கா அம்பாரோ எழுதிக்கொண்டது. கர்த்தர் புண்ணியத்தில் நான் சுகம். குளிருக்கு முட்டி மட்டும் முறுக்கிக்கொள்கிறது. உன் சுகத்துக்கும் இரண்டு வரி எழுது.

கல்லறைத் திருநாளுக்கு வந்துவிட்டு நீ பஸ் ஏறி மூன்று வாரமாகிறது. ஊர் போய்ச் சேர்ந்தேன் என்று எழுத உனக்கு இன்னும் கை வரவில்லை. வெராக்ரூஸில் கடல் இருக்கிறது, தபால்பெட்டி இல்லை போலிருக்கிறது. அப்பா அம்மா கல்லறையில் நீ வைத்த சாமந்தியை நேற்றுதான் அள்ளிப் போட்டேன்.

செடிகளெல்லாம் தூங்குகின்றன. அக்டோபரில் அசிசியார் திருநாளோடு தண்ணீரை நிறுத்தியாயிற்று. இனிமேல் மார்ச்சில் சூசையப்பர் திருநாள் வந்தால்தான் வாளியைத் தொடுவேன். விதை போட்ட தகரங்களில் இந்த வருஷம் முந்நூறுக்குக் குறையாமல் கள்ளிக் குஞ்சுகள், மிளகு மிளகாக.

விஷயத்துக்கு வருகிறேன். பனிக்குச் சாக்குக் கட்டலாம் என்று நேற்று சேவலிடம் போனேன். அப்பா போட்ட ஆயிரம் நரைத்தாடிக் கள்ளியும் தூண் மாதிரி நேரே வளர, அது ஒன்று மட்டும் சேவல் கொண்டையாக மடிந்து விரிந்ததையும், அவர் அதைப் பிள்ளை மாதிரி வளர்த்ததையும் உனக்கு நான் சொல்ல வேண்டாம். அந்தக் கொண்டையின் விளிம்பில் நரைமயிருக்குள் கை விட்டால் ஒரு வெட்டு. வட்டமாக, காபிக் கோப்பையின் வாய் அளவு. புண் காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். லவங்கப்பட்டைப் பொடி.

ஊரில் எல்லாரும் வெட்டுவாய்க்குக் கந்தகம் பூசுவார்கள். பட்டைப்பொடி பூசியவள் நம் அம்மா ஒருத்திதான். அவளுக்குப் பிறகு நாம் இரண்டு பேர். நான் வெட்டவில்லை.

உன்னை நான் ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததைத் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான். அடுத்த வீட்டுக் கொண்டைக் கள்ளியில் துண்டெடுத்தவனை இந்த ஊர் இருபது வருஷம் ஆனாலும் மறக்காது என்பது உனக்குத் தெரியும்.

வரிகள் கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு. உன் எழுத்தும் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது, கொஞ்சம் பெரிதாக எழுது.

உன் அக்கா
அம்பாரோ


வெராக்ரூஸ்
8 டிசம்பர் 1983

பிரியமுள்ள அக்காவுக்கு ஒதிலியாவின் முத்தங்கள். உன் முட்டிக்குக் கற்பூரத் தைலம் தடவு. பிரிஸ்காவின் மருந்துக் கடையில் பச்சை மூடி போட்டது கேள், அதுதான் நல்லது.

எழுதாதது என் தப்புத்தான். கிறிஸ்துமஸ் தையல் தலைக்கு மேல் கிடக்கிறது. அவர் போய் இரண்டு வருஷமாகியும் மாமியார் வீட்டில் என் தையல் மெஷின் சத்தம்தான் சோறு போடுகிறது. போதாததற்கு நெஞ்சில் சளி. இந்தக் கடல் காற்றில் சுவரே வியர்க்கிறது, நான் எந்த மூலைக்கு. நீ கொடுத்த இரண்டு கள்ளிக் குஞ்சும் ஒரு மாதத்தில் அழுகிவிட்டன. எனக்கும் அந்தக் கதிதான் என்று டாக்டர் சொல்லாமல் சொல்கிறார். காய்ந்த ஊரில் போய் இரு என்கிறார். அக்கா, நம் பின்கட்டு அறை சும்மாத்தானே கிடக்கிறது?

சேவலின் புண் ஆறிவருகிறதா? ஈரம் படாமல் பார்த்துக்கொள்.

உனக்கு ஒரு சால்வை தைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நல்ல நீலம். பூசைக்குப் போட்டுக்கொண்டு போ, ஊரே கண் வைக்கட்டும்.

உன் கடிதத்தில் ஐந்தாவது வரியும் ஆறாவது வரியும் கட்டிப் புரள்கின்றன. பேனாவைத் திட்டிவிட்டேன்.

உன்
ஒதிலியா


கதெரெய்தா
29 டிசம்பர் 1983

தங்கைக்கு அக்காவின் ஆசீர்வாதம். பாலன் பிறப்புப் பெருநாள் நல்லபடி முடிந்தது. தைலம் வாங்கினேன், முட்டி பரவாயில்லை.

சால்வை வந்தது. வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்த நீலம் எனக்கு எடுப்பாக இருக்கிறது. கிறிஸ்துமஸ் பூசைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன், முன் வரிசையில் உட்கார்ந்தேன். உனக்கு நன்றி.

ஆனாலும் ஒதிலியா, நான் புண்ணைப் பற்றி எழுதினால் நீ மருந்து சொல்கிறாய். கத்தி எங்கே என்று சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையை எங்கே கற்றாய்?

இன்னொன்று. வியாபாரி எவரிஸ்தோ தலைநகரத்திலிருந்து போன வாரம் வந்தான், குஞ்சுகள் வாங்க. பத்து வருஷமாக வரும்போதெல்லாம் சேவலில் ஒரு துண்டு கொடுங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்பவன். இந்தத் தடவை கேட்கவே இல்லை. வெட்டைப் பார்த்துவிட்டு, "யாரோ தொழில் தெரிஞ்சவங்க கைதான் இது, அக்கா"ன்னு சிரித்தான். பத்து வருஷம் கேட்டவன் ஏன் கேட்கவில்லை? கிடைத்துவிட்டால் யாரும் கேட்பதில்லை.

உனக்கு நெஞ்சுச் சளி என்கிறாய். கல்லறைத் திருநாளன்று இரண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவை மூச்சு வாங்காமல் ஏறி வந்தாய். ஒரு மாதத்தில் எப்படி நெஞ்சு கெட்டது? எலி சும்மா அம்மணமாக ஓடாது. பின்கட்டு அறையில் விதைத் தகரங்கள் அடுக்கியிருக்கிறேன், இடமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நிஜமாகவே சளி என்றால் கள்ளிப்பழச் சர்பத் குடி.

அம்பாரோ


வெராக்ரூஸ்
14 ஜனவரி 1984

என் அக்காவுக்கு, புது வருஷம் உனக்கு நல்லதையே கொண்டுவரட்டும். நான் இருக்கிறேன். இருமல் விட்டபாடில்லை.

நீலம் உனக்குப் பிடித்ததில் சந்தோஷம். கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

எவரிஸ்தோவைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது, நீ நம்பினால் நம்பு. அவன் வந்தால் தகரங்களை அவனாக எடுக்க விடாதே. பிரிஸ்காவைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள். ஏன் என்று கேட்காதே, எனக்கு அவன் சிரிப்புப் பிடிக்கவில்லை.

அறையில் இடமில்லை என்றால் தகரங்களோடு ஒரு தகரமாக நானும் மூலையில் இருந்துகொள்கிறேன். எனக்குத் தண்ணீர்கூட அதிகம் வேண்டாம்.

இங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்குக் கண்ணில் சதை வளர்ந்து, நகரத்து ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். இப்போது பேப்பர் படிக்கிறார். சும்மா ஊர்க்கதை எழுதினேன்.

புண்ணைப் பற்றி நேரில் சொல்கிறேன் அக்கா. கடிதத்தில் சொல்லக்கூடியது இல்லை.

உன்
ஒதிலியா


கதெரெய்தா
5 பிப்ரவரி 1984

மதிப்புக்குரிய ஒதிலியாவுக்கு, மருந்துக் கடை பிரிஸ்கா வணக்கத்தோடு எழுதுவது. நீங்கள் நலமென்று நம்புகிறேன். இந்தக் கடிதம் நான் எழுதியது அம்பாரோ அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் என் கடை வாசலில் கால் வைக்க மாட்டார்.

உங்கள் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டுவது நான்தான். ஒரு வருஷமாக அப்படித்தான். கண்ணாடி உடைந்துவிட்டது என்று ஆரம்பித்தார். பிறகு அந்தக் கண்ணாடிப் பேச்சையே விட்டுவிட்டார், நானும் கேட்கவில்லை. பதிலை மட்டும் அவரே எழுதுகிறார், காகிதத்தில் அளவுகோல் வைத்துத் தடவித் தடவி. முற்றத்தில் அவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. எந்தத் தகரம் எங்கே என்று கை சொல்கிறது. முள்ளே குத்துவதில்லை.

இரண்டாம் தேதி மெழுகுதிரித் திருநாளன்று சோளமாவுத் தமால் சாப்பிட எங்கள் வீட்டுக்கு வந்தார். என் நாத்தனார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அம்பாரோ அக்கா, இந்தப் பூசணிப்பூ மஞ்சள் சால்வை எங்க வாங்கினீங்க"ன்னு கேட்டுவிட்டாள். அக்கா கையில் இருந்த தமாலை அப்படியே இலையில் வைத்துவிட்டார். "என் தங்கச்சி அனுப்பினா"ன்னு மட்டும் சொன்னார். அப்புறம் ஒரு வாய் சாப்பிடவில்லை. நீலம் என்று எழுதிவிட்டு மஞ்சள் அனுப்பியது எதற்கென்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்துவிட்டது.

அவர் பயப்படுவது கண்ணுக்காக இல்லை. உங்கள் அம்மாவுக்குப் பார்வை போனதும் மாமன்மார் வந்து கன்னியர் இல்லத்தில் விட்டுவிட்டு வந்தார்களாமே, அங்கே ஜன்னலில் ஒரு கள்ளித்தொட்டி வைக்கக்கூட விடவில்லையாமே. "எனக்கும் அதைச் செய்யத்தான் ஆள் வருது, பிரிஸ்கா"ன்னு ஒரு தடவை சொன்னார். யாரைச் சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எவரிஸ்தோ விஷயம் நீங்கள் எழுதியது சரி. போன தடவை வண்டியில் ஏற்றியதை நான் கடையிலிருந்து பார்த்தேன். மிளகளவு குஞ்சு என்று சொல்லி எலுமிச்சை அளவில் நாலு வருஷச் செடிகளை எடுத்துப் போகிறான்.

என்ன செய்ய வேண்டுமோ சீக்கிரம் செய்யுங்கள்.

பிரிஸ்கா


கதெரெய்தா
9 பிப்ரவரி 1984

ஒதிலியாவுக்கு. நான் நன்றாக இருக்கிறேன். எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்.

நீ அனுப்பிய சால்வை மஞ்சள். நீ எழுதியது நீலம். நான் ஏதோ பெரிய மனசு பண்ணி, தங்கச்சி மனசு நோகக் கூடாது என்று நீலம் என்றே பதில் எழுதினேன். தையல்காரிக்கு நிறம் தெரியவில்லை என்றால் பிழைப்பு என்னாவது? போய் உன் கண்ணை ஒரு டாக்டரிடம் காட்டு.

மஞ்சளை நீலம் என்று எழுதுகிற கை வேறு எதைத்தான் மாற்றி எழுதாது. எனக்கு இப்போது எல்லாம் புரிகிறது. சேவலில் துண்டு வெட்டினாய். நேரே கேட்டால் மருந்து சொன்னாய். இருமுகிறேன் என்றாய், அறை கேட்டாய். அறையில் காலை வைத்தால் அப்புறம் வீடு, முற்றம், சேவல். என்னை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் முடிவு செய்திருப்பாய். மாமன்மாரும் அம்மாவுக்கு இப்படித்தான் இனிக்க இனிக்க எழுதினார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ள நான் பைத்தியக்காரி இல்லை.

இந்த முற்றத்தில் ஒவ்வொரு செடியும் என் கையில் முளைத்தது. அவற்றை விட்டு நான் எங்கும் போக மாட்டேன். என்னைத் தூக்கிப் போக நாலு பேர் வந்தால்தான் போவேன்.

வராதே. வந்தால் கதவு திறக்காது.

சால்வையைத் திருப்பி அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். குளிர் இன்னும் போகவில்லை.

அம்பாரோ


வெராக்ரூஸ்
1 மார்ச் 1984

அக்காவுக்கு வணக்கம். உன் உடம்பு நன்றாக இருக்கட்டும். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

சால்வை விஷயத்தில் நான் செய்தது அசிங்கம். கல்லறைத் திருநாளில் ஒன்று மனசில் பட்டது, கேட்க வாய் வரவில்லை, அதனால் துணியை விட்டுக் கேட்டேன். அதற்கு நீ எத்தனை திட்டு வேண்டுமானாலும் திட்டு. வாங்கிக்கொள்கிறேன்.

சேவலை வெட்டியது நான்தான். ஏன் வெட்டினேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் அதை இன்னொருவர் வாயால் நீ கேட்க வேண்டிவரும், அது நடக்கக் கூடாது. வெட்டின துண்டு எவரிஸ்தோவிடம் இல்லை, வெராக்ரூஸிலும் இல்லை. இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

மாமன்மாரோடு என்னைச் சேர்த்தாயே, அது மட்டும் வலிக்கிறது. அம்மாவை வண்டியில் ஏற்றின அன்று நானும் நீயும் ஒரே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் அழுதோம். உனக்கு மறந்துபோயிற்றா?

ஒதிலியா


வெராக்ரூஸ்
6 ஏப்ரல் 1984

அக்கா, நலமா? பதில் இல்லை. சூசையப்பர் திருநாளும் போய்விட்டது, தண்ணீர் காட்ட ஆரம்பித்திருப்பாய். வாளி கனம், பாதி பாதியாகத் தூக்கு. திட்டியாவது ஒரு வரி எழுது. தபால்காரன் என்னைப் பார்த்தாலே தெருவை மாற்றிப் போகிறான்.

ஒதிலியா


கதெரெய்தா
24 ஏப்ரல் 1984

என் தங்கை ஒதிலியாவுக்கு, அக்கா எழுதுகிறேன். ஈஸ்டர் வாழ்த்துகள். நீ சுகமாக இருக்க வேண்டும். உன் இரண்டு கடிதமும் வந்தன. பிரிஸ்கா படித்தாள். படிக்கச் சொன்னது நான்தான் என்று இப்போது எழுதிவிட்டேன். இனி அதை மறைத்து என்ன.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், குஞ்சுகளைப் பெயர்த்து நட மண் சலிக்கலாம் என்று அப்பாவின் சல்லடையைத் தேடினேன். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அவர் சாமான் வைத்துவந்த சுவர் மாடத்தில் கை விட்டேன். குளிர்காலத்திலிருந்தே அந்த மாடத்தில் நான் கை விட்டதில்லை. அங்கே ஒரு எண்ணெய் டின். டின்னுக்குள் ஒன்று நின்றுகொண்டிருந்தது. படுக்க வைக்கவில்லை, நிறுத்தி வைத்திருந்தது. படுக்க வைத்தால் பக்கவாட்டில் வேர் விட்டுக் கோணிப் போகும் என்று தெரிந்த கை வைத்தது.

முதலில் நரைமயிர் பட்டது. கிடைத்ததடா திருட்டுச் சொத்து என்றுதான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். கொண்டைத் துண்டென்றால் கையில் மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டும். இது உருண்டையாக, நேராக, பாட்டில் மாதிரி இருந்தது. மேலிருந்து கீழே தடவினேன். ஒரு மடிப்பும் இல்லை. அடியில் வெட்டுவாய் கல்லாகக் காய்ந்து, நடுவில் இரண்டு வேர்முனை எட்டிப் பார்த்தன. பட்டைப்பொடி இன்னும் மணத்தது. ஒரு முள்ளில் கம்பளி நூல். வெயில் பக்கம் எது என்று அப்பா அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டுவாரே, அதே மாதிரி. முடிச்சைத் தொட்டேன். இடதுகைக்காரி முடிச்சு. இந்த வீட்டில் இடதுகைக்காரி நீ ஒருத்திதான்.

சாண் போட்டு அளந்தேன். ஒரு சாண், நாலு விரல்.

அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன், ஒதிலியா. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிரிஸ்கா வந்து கூப்பிட்டபோது பாவாடையெல்லாம் ஈரம்.

சேவலின் கொண்டையிலிருந்து நேர்த்தண்டு கிளம்பியிருக்கிறது. அது கிளம்பினால் கொண்டையின் உயிரையெல்லாம் உறிஞ்சிவிடும். கட்டைவிரல் அளவிலேயே கிள்ளி எறிய வேண்டும். நாம் பேசக் கற்ற வயசிலேயே அப்பா இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஒரு சாண் நாலு விரல் என்றால் இரண்டு வருஷ வளர்த்தி. கொண்டைக்கு மேலே ஒரு கம்பம் நட்ட மாதிரி நின்றிருக்கும், தெருவில் போகிறவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். தினமும் அதைச் சுற்றி வந்த எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு செடியையும் தடவிப் பார்க்கிறவள் கொண்டையின் உச்சியைத் தடவவில்லை. கை அதற்கு மேலே போகத் தேவையில்லை என்று நினைத்துவிட்டேன்.

நீ பார்த்தாய். வாசலில் நுழையும்போதே பார்த்திருப்பாய். அதைப் பார்க்கிற எவருக்கும் எனக்குக் கண் போனது தெரிந்துபோகும். சொன்னால் நான் செத்துப்போவேன் என்று, நான் கல்லறைக்குப் பூ எடுக்கப் போன நேரத்தில் வெட்டி, பொடி பூசி, மாடத்தில் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய். நான் உன்னைத் திருடி என்றேன். அதற்கும் காரணத்தைச் சொல்லாமல் தாங்கிக்கொண்டாய்.

புண் வட்டமாக இருந்தது என்று உனக்கு எழுதினது நானே. கொண்டையில் துண்டெடுத்தால் புண் நீளமாக, கீறின மாதிரி இருக்கும். தண்டை எடுத்தால்தான் வட்டம். நாற்பது வருஷம் கள்ளி வெட்டினவளுக்கு இது தெரியாதா? கோபம் கண்ணை மறைக்கும் என்பார்கள். மறைக்கக் கண் இல்லாததால் எனக்கு விரலை மறைத்துவிட்டது.

எவரிஸ்தோ போன சனிக்கிழமை வந்தான். பிரிஸ்காவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். "எடுத்ததை ஒவ்வொண்ணா என் கையில குடு தம்பி, அப்புறம் வண்டியில ஏத்து"ன்னேன். முதல் செடியைக் கையில் வாங்கினதும், "இது மிளகா? உங்க ஊர்ல மிளகு எலுமிச்சம்பழம் தண்டிக்கு விளையுதா?"ன்னு கேட்டேன். பிரிஸ்கா சிரித்த சிரிப்பில் அவன் வெறும் வண்டியோடு போனான். இனி வர மாட்டான்.

பிரிஸ்கா உனக்கு எழுதினாள் என்று எனக்குத் தெரியும். அவள் பொய் சொல்லும்போது தொண்டையைக் கனைப்பாள். நீ பொய் சொல்லும்போது இருமுகிறாய். உன் நெஞ்சில் ஒரு சளியும் இல்லை. எனக்குத் துணை வேண்டும் என்று சொன்னால் நான் விரட்டுவேன், உனக்கு இடம் வேண்டும் என்று கேட்டால் இரங்குவேன் என்று கணக்குப் போட்டாய். நான் இரங்கவும் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, ஒதிலியா. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஜன்னலில் ஒரு தொட்டிகூட இல்லாத அறையில் அம்மா சுவரைத் தடவிக்கொண்டே இருந்தாள். போய்ப் பார்க்கிறபோதெல்லாம் என் உள்ளங்கையில் முள் குத்தின தழும்பைத் தேடுவாள். நான் அங்கே போக மாட்டேன். அதை மட்டும் எனக்கு எழுதிக் கொடு. ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானால் வருகிறேன், நீ கூட இருந்தால்.

பின்கட்டு அறையிலிருந்து தகரங்களை எடுத்துவிட்டேன். மழைக்கு முன்னால் வந்துவிடு. அந்தத் தண்டை நான் இன்னும் நடவில்லை. நூல் இருக்கிற பக்கத்தைத் தெற்கே திருப்பி நீயே நடு. சிவப்பு நூல்தானே? அப்பா எப்போதும் சிவப்புதான் கட்டுவார்.

உன் அக்கா
அம்பாரோ


வெராக்ரூஸ்
2 மே 1984

என் அக்காவுக்கு உன் ஒதிலியாவின் ஆயிரம் முத்தம். உன் கடிதம் வந்து சேர்ந்தது. நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போன மாயம் தெரியவில்லை.

உன் வரிகள் இந்தத் தடவையும் கட்டிப் புரண்டன. ஒன்றையும் விடாமல் படித்துவிட்டேன். மாமியார் என்னவென்று கேட்டாள், அக்கா கூப்பிட்டுவிட்டாள் என்றேன். அழுதுகொண்டே சொன்னதால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அவளும் அழுதாள்.

நீ கேட்டதை எழுதிக் கொடுக்கிறேன். நான் உயிரோடு இருக்கிறவரை அந்த முற்றத்திலிருந்து உன்னை யாரும் கிளப்ப மாட்டார்கள், நான் உட்பட. பிரிஸ்கா, இதை இரண்டு தடவை சத்தமாகப் படியுங்கள்.

தையல் மெஷினை லாரியில் போட்டுவிட்டேன். பதினேழாம் தேதி வியாழக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். டின்னுக்குத் தண்ணீர் காட்டிவிடாதே, நட்டு ஒரு வாரம் கழித்துத்தான்.

நூல் சிவப்பு இல்லை அக்கா. அன்றைக்கு அவசரத்தில் என் தையல் பையில் சிவப்பு கிடைக்கவில்லை, கையில் வந்ததைக் கட்டினேன். அது நீலம். இந்தத் தடவை நிஜமாகவே நீலம்.

ஒதிலியா